உகரச் சுட்டு

ஹட்டனில் அந்தக் கடை மேல்மாடியில்.
பதினேழு படி. கைப்பிடி இடப்பக்கம்.
என் இடக்கையோ பிறந்த நாளிலிருந்தே
மார்போடு மடிந்து மூடிய முட்டி.
இறங்கும்போதுதான் அந்தக் கைப்பிடி எனக்கு.
ஏறும்போது சுவர்.

வலக்கை உண்டு.
அதன் விரல்களுக்குத் தனியாகப் போகத் தெரியாது.
ஒன்றைக் கூப்பிட்டால் ஐந்தும் வந்து நிற்கும்,
பிரட்டுக்கு வந்ததுபோல்.

மடிக்கணினியின் தொடுதளத்துக்கு
இந்தக் கூட்டம் ஆகாது.
சங்கத்துச் சந்தாக் கணக்கில்
ஒரு பெயரைத் தொடப் போனால்
பக்கம் வீங்கும், சுருங்கும்,
அம்புக்குறி மூலைக்கு ஓடி ஒளியும்.
அடைமழை மாதத்தில் ஜன்னல் வழியே பனிமூட்டம் வந்து
தளத்தில் ஈரமாய்ப் படியும்போது
யாரும் தொடாமலே ஓடும்.
அந்த இரண்டு வாரம்
ஆபீசில் எல்லோர் கையும் என் கைதான்.

கடைக்காரர் ஞானசீலனுக்குச் சாவகச்சேரி.
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தார்.
ஏழு நிறத்தில் எரிகிற மவுஸ், விளையாட்டுக்காம்.
தேய்ந்த சோப்பளவில் ஒன்று; தொட்டதும் நழுவி
மேசைக்குக் கீழே போய்விட்டது.
பிறகு ஒரு பழைய கணினி,
எழுத்துகளுக்கு நடுவே பொட்டளவு சிவப்புக் குமிழோடு.
அதற்கு ஒரு விரல் போதும்.
ஒரே ஒரு விரல்.

"தங்கச்சி, உது உங்களுக்குச் சரிவராது"
என்றார்.

உது.
இலக்கணப் பாடத்தில் படித்திருக்கிறேன்.
அ, இ, உ. சுட்டெழுத்து மூன்று.
அதுவும் இதுவும் எங்கள் லயத்திலும் புழங்கும்.
உது மட்டும் பரீட்சைக்கு வந்து போனது.
உயிரோடு ஒருவர் வாயில் கேட்டது
அன்றைக்குத்தான்.
அண்மையும் இல்லாத சேய்மையும் இல்லாத
நடுவில் உள்ளதைக் காட்டுகிற எழுத்து.
காட்ட விரல் கேட்காத எழுத்து.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது.
"உங்கட சாமான் கொழும்பிலயிருந்து வந்திட்டுது."
விலை என் ஒன்றரை மாதச் சம்பளம்,
இரண்டு தவணையில் தரச் சொன்னார்.

சின்னக் கிண்ணம், அதில் புதைந்து ஒரு குண்டு.
கிண்ணம் நகராது, குண்டுதான் உருளும்.
வலக்கையை வைத்தேன். ஐந்தும் பாய்ந்தன.
அம்பு திரையைத் தாண்டிப் போயிருக்கும்,
விளிம்பு இல்லாவிட்டால்.
ஞானசீலன் ஒன்றும் சொல்லவில்லை. ரசீதுப் புத்தகத்தைப்
புரட்டுகிற மாதிரி இருந்தார்.
களைத்துப்போய் மேசையில் சாய்ந்தேன்.

சாய்ந்தபோது இடது முட்டி குண்டில் பட்டது.

அம்பு மெல்ல நகர்ந்தது.
நான் வேண்டுமென்றே செய்யவில்லை.
மறுபடி வேண்டுமென்றே செய்தேன்.
நகர்ந்தது.
முப்பத்தோரு வருடம்
சட்டைக் கையை நுழைக்க மட்டுமே சண்டை பிடித்த கை
எலும்பு முனையால் குண்டை உருட்டிப்
போகச் சொன்ன இடத்துக்குப் போனது.
அமுக்கும் வேலை வலக்கைக்கு.
பெரிய பொத்தான்; ஐந்தும் ஒன்றாய் விழலாம்,
தப்பில்லை.

இப்போது ஆபீசில்
பழைய சந்தாப் புத்தகம் நான்கை அடுக்கி
அதன்மேல் கிண்ணம், என் மார்பு உயரத்துக்கு.
முட்டியின் கீழ் உருள்வது இது.
கண்ணாடிக்கு அப்பால்,
தகப்பன் பெயர் தப்பாய் விழுந்த
வெள்ளையம்மாவின் வரி, அது.
இரண்டுக்கும் நடுவில் நடுங்காமல் நிற்கும் அம்புக்கு
என்னிடம் ஒரு சொல் இருக்கிறது,
யாழ்ப்பாணத்தில் இரவல் வாங்கியது.

வாரம் ஒரு முறை குண்டைக் கழற்றித் துடைக்க வேண்டும்.
அடியில் தேயிலைத் தூசி சேர்ந்து இறுகுகிறது.
அதற்கு விரல் நுனி வேண்டும்.
பக்கத்து மேசை ரெஜினா செய்வாள், கேட்டால்.
கேட்க வேண்டும்.

அன்றைக்கு இறங்கும்போது கைப்பிடி என் பக்கம்.
பெட்டியை எதில் பிடிப்பது?
பையின் காதை மடிந்த முழங்கையில் மாட்டினேன்.
பதினேழு படியும் ஆடிக்கொண்டே வந்தது,
விழவில்லை.